திருடனுக்கு ஏது எல்லை?

புதுவையில் இருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் காலாப்பட்டு. கொஞ்ச தூரம்தான். ஆனால், அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு அரசாங்கம்!

முத்தியால்பேட்டை வரை புதுவை. கோட்டக்குப்பம் வந்தால் தமிழ்நாடு. சின்ன முதலியார்சாவடி, பெரிய முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். பிள்ளைச்சாவடியில் மறுபடியும் புதுவை. காலாப்பட்டையும் கனகசெட்டிக்குளத்தையும் தாண்டினால் திரும்பவும் தமிழ்நாடு.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் விழுந்த கோடு இது. 1954 நவம்பர் 1ந் தேதி ஆட்சி கை மாறியது. கோடு மட்டும் அழியவில்லை.

இந்தக் கோட்டை யார் மதிக்கிறார்கள்? போலீசார் மதிக்கிறார்கள். திருடன் மதிப்பதில்லை!

இந்தப் பகுதியில் வெளிநாட்டினர் நடமாட்டம் அதிகம். 1968 பிப்ரவரி 28ந் தேதி ஆரோவில் தொடங்கிய நாளில் இருந்தே பல தேசத்து ஜனங்கள் இங்கே குடியிருக்கிறார்கள். 1985ல் வந்த பல்கலைக்கழகம் காலாப்பட்டில்தான் இருக்கிறது. அங்கும் வெளிநாட்டு மாணவர்கள் படிக்கிறார்கள். சுற்றுலா வந்து, ஊர் பிடித்துப்போய், மாதக்கணக்கில் வாடகைக்கு வீடு எடுத்துத் தங்குகிறவர்களும் உண்டு.

இவர்கள் போவது சைக்கிளிலும் மொபெட்டிலும். வழியில் முந்திரித்தோப்பு, செம்மண் பாதை. பல இடங்களில் விளக்கு இல்லை. தோளில் தொங்கும் பையில் பாஸ்போர்ட், பணம், செல்போன் மூன்றும் இருக்கும். மோட்டார் சைக்கிளில் வரும் ஆசாமிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒரு இழுப்பு. அடுத்த ஐந்து நிமிடத்தில் பக்கத்து அரசாங்கத்து எல்லைக்குள் போய்விடலாம்!

மத்திய சிறைச்சாலையே காலாப்பட்டில் இருக்கிறது. ஜெயில் இருக்கும் ஊரில் ஜனங்கள் இருட்டினால் வெளியே போகப் பயப்பட வேண்டுமா?

பையைப் பறிகொடுத்தவர் போலீஸ் நிலையத்துக்கு ஓடுகிறார். "எங்க லிமிட் இல்லீங்க, அந்த ஸ்டேஷனுக்குப் போங்க" என்ற பதில் வந்தால் அவர் கதி என்ன? உள்ளூர்க்காரனுக்கே எந்தத் தெரு எந்த ஸ்டேஷன் என்று தெரியாது. பாஷை தெரியாதவர் எங்கே போவார்?

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. 2024 ஜூலை 1ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவின்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எப்.ஐ.ஆர். என்பது இதுதான். முதல் தகவல் அறிக்கையின் நகலைக் காசு வாங்காமல் கொடுக்க வேண்டும். பறித்துக்கொண்டு ஓடுவதும் இப்போது தனிக் குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

அந்த நகல் வெறும் காகிதம் அல்ல. பாஸ்போர்ட் தொலைந்த வெளிநாட்டினருக்கு அது இல்லாமல் தூதரகத்திலும் வேலை நடக்காது, ஊர் திரும்ப அனுமதியும் கிடைக்காது. "எழுதி வெச்சிருக்கோம், அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டால் அவரை நடுத்தெருவில் நிறுத்துவதற்குச் சமம்.

இன்னொரு சங்கதியும் உண்டு. திருடன் பிடிபட்டாலும், கோர்ட்டில் விசாரணை வரும்போது புகார் கொடுத்தவர் விமானம் ஏறியிருப்பார். சாட்சி இல்லை, வழக்கு படுத்துவிடும். வெளிநாட்டினர் மீது கைவரிசை காட்டுகிறவர்களுக்கு இது தெரியும். ஆனால், சாட்சியை வீடியோ மூலம் விசாரிக்கப் புதிய சட்டத்தில் இடம் இருக்கிறது. அதை ஏன் பயன்படுத்தக் கூடாது?

வீட்டு உரிமையாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டினரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அதைச் செய்யாத வீட்டுக்காரர், குடியிருப்பவருக்கு ஆபத்து என்றாலும் போலீசுக்குப் போகவிடமாட்டார். தன் குட்டு வெளிப்படுமே!

"வெள்ளைக்காரனுக்கு என்னய்யா, பணம் கொட்டிக் கிடக்குது. போனால் போகட்டும்" என்று பேசுகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு நியாயமா?

2009ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரில் இந்திய மாணவர்கள் அடுத்தடுத்துத் தாக்கப்பட்டார்கள். ராத்திரி வேலை முடித்து ரெயிலில் திரும்பிய பிள்ளைகள். நாடே கொதித்தது. "நம்ம பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு எங்கே?" என்று கேட்டோம். கேட்டது சரி. புதுவையில் பிரான்சுக்குப் பிள்ளையை அனுப்பிய குடும்பங்கள் எத்தனை! பாரிசில் ராத்திரி மெட்ரோவில் வீடு திரும்பும் மகள் போன் பண்ணும் வரை இங்கே தாய் தூங்குவதில்லை. காலாப்பட்டில் வாடகை வீட்டில் இருக்கும் பெண்ணுக்கும் எங்கோ ஒரு தாய் இருக்கிறாள்.

2017 மார்ச் மாதம் கிரேட்டர் நொய்டாவில் ஆப்பிரிக்க மாணவர்களைக் கும்பல் கூடி அடித்தது. வதந்திதான் காரணம். தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவனைப் பணக்காரன் என்று நினைப்பதும் தப்பு, குற்றவாளி என்று நினைப்பதும் தப்பு.

என்ன செய்ய வேண்டும்?

புதுவை, தமிழ்நாடு போலீசார் சேர்ந்து ரோந்து போக வேண்டும். காலாப்பட்டு, ஆரோவில், கோட்டக்குப்பம் நிலையங்கள் ஒரே நேரத்தில் தகவல் பெற வேண்டும். முந்திரித்தோப்புப் பாதைகளுக்கு விளக்கு வேண்டும். "லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்பும் அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும்.

வெளிநாட்டினரும் உஷாராக இருக்க வேண்டும். அசல் பாஸ்போர்ட்டை வீட்டில் பூட்டிவிட்டு நகலோடு வெளியே வரட்டும். பையைத் தெருப் பக்கம் தொங்கவிட வேண்டாம். பையை இழுத்தால் விட்டுவிடுவதே மேல். கெட்டியாகப் பிடித்தால் மொபெட்டோடு விழுவீர்கள். உடனே 112க்குப் போன் போடுங்கள். சுற்றுலாத் துறையின் 1363 எண்ணில் பிரெஞ்சு, ஜெர்மன் பாஷைகளிலும் பேசலாம்.

கோடு போட்டவன் கப்பல் ஏறிப் போய்விட்டான். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு, நாம் இன்னும் எத்தனை நாள் திருடனுக்கு வழி விடப்போகிறோம்? இரு மாநிலத்து உயர் அதிகாரிகளும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசினால் போதும். உட்காருவார்களா?