நிழற்படமும் மூல ஏடும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, சங்க இலக்கியம் பற்றியோ சமய நெறி பற்றியோ நாம் எழுதுவோம் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். நாமோ கணினியில் நிழற்படம் திருத்தும் முறை பற்றி எழுதத் துணிந்தோம். தமிழாசிரியருக்கு இத்துறையில் என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவலாம். இம்மலருக்கான படங்களைத் திரட்டும் பொறுப்பு எம்மேல் விழுந்தது. அப்பணியில் நாம் இழைத்த பிழையொன்றே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

மூத்த பழைய மாணவர் ஒருவர், தம் காலத்து உதைபந்தாட்டக் குழுவின் படத்தை எம்மை நம்பிக் கொடுத்தார். தடித்த அட்டையில் ஒட்டப்பெற்ற கறுப்பு வெள்ளைப் படம் அது. அட்டையின் அடியிலே குழுவினரின் பெயர்கள் மையினால் எழுதப்பட்டிருந்தன. மாணவன் ஒருவன் அதனை வருடியில் இட்டுக் கணினியில் ஏற்றினான். கறைகளை நீக்கினான், வெளிறிய முகங்களைத் தெளிவாக்கினான், பழுப்பேறிய அட்டை அழகைக் கெடுக்கின்றதென்று கருதி அதனையும் வெட்டி நீக்கினான், ஈற்றில் அதே கோப்பின் மேலேயே சேமித்தான். அருகிருந்த நாமும் ‘நன்று’ என்றோம். படம் உரியவரிடம் மீண்டது. அவர் தம் மக்களோடு வாழக் கடல் கடந்து சென்று அங்கே காலமானார். படவிளக்கம் எழுத அமர்ந்த அன்றுதான், நாம் வெட்டி எறிந்தது அட்டையை அன்று, 15 பேரின் பெயர்களை என்பது எமக்கு உறைத்தது. பலரிடம் உசாவி 6 பெயர்களை மீட்டோம். எஞ்சிய 9 பேரும் இம்மலரில் பெயரற்ற முகங்களாகவே நிற்கின்றனர்.

இதற்கு மென்பொருளைக் குறைகூறுதல் நியாயமன்று. எமது ஒழுங்கின்மையே காரணம். ஆயினும், ‘எந்த மென்பொருள் சிறந்தது?’ என்பதே மாணவர் எம்மிடம் முதலிற் கேட்கும் வினாவாக இருக்கின்றது. ‘எந்த முறை சிறந்தது?’ என்று வினவுவார் அரியர். இவ்விரு வினாக்களின் வரிசையை மாற்றவேண்டும் என்பதே எமது கருத்து.

தமிழ் கற்றோருக்கு இம்முறை புதிதன்று. சிறுப்பிட்டியிலே தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அவர் காலந்தொட்டு ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பிக்கும் நல்லறிஞர் எவரும் ஏட்டைச் சுரண்டித் திருத்துவதில்லை. தாம் கொண்ட பாடத்தை அச்சிலே தருவர்; ஏனைப் பாடங்களை அடிக்குறிப்பிலே காட்டுவர்; ஏடு ஏடாகவே இருக்கும். நாளை வருவோன் ஒருவன் பதிப்பாசிரியரிலும் கூரிய கண்ணுடையவனாயின், அவனும் அந்த ஏட்டைப் பார்த்தல் வேண்டுமன்றோ?

கமராவுக்குள்ளும் இத்தகைய மூல ஏடு உண்டு. ரோ என வழங்கும் கோப்பே அது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகளே உள்ளன. 14 இருமம் கொண்ட ரோ கோப்பிலோ 16,384 படிநிலைகள் உள்ளன. ஆதலால் இருண்டுபோன முகத்தை மீட்க வேண்டுமிடத்து ரோ கோப்பே கைகொடுக்கும். ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி அதன் மேலேயே சேமிக்குந்தோறும் படத்தின் நுட்பம் சிறிது சிறிதாய்க் குன்றும். வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக அனுப்பிய படமோ முன்னரே சுருங்கியே வந்து சேரும். 6 அங்குல அகலத்தில் அச்சிட ஏறத்தாழ 1,800 புள்ளிகள் வேண்டும் என்பதை அச்சகத்தார் எமக்குக் கூறியபோது, கையிலிருந்த படங்களுட் பல அத்தகுதி இழந்திருந்தன.

இனி, மென்பொருளைத் தேர்தல் பற்றிக் கூறுவாம். அடோபி நிறுவனத்தின் போட்டோஷொப் 1990இலும் லைட்றூம் 2007இலும் வெளிவந்தன. 2013 முதல் அந்நிறுவனம் தன் மென்பொருள்களைச் சந்தா முறைக்கு மாற்றத் தொடங்கிற்று. லைட்றூமுக்குச் சந்தா செலுத்துவது நின்றால் படங்கள் அழிந்துவிடா. ஆயினும் திருத்தும் பகுதி மூடப்பட்டுவிடும். அப்பிள் நிறுவனம் அப்பேச்சரை மேலும் வளர்ப்பதில்லை என 2014இல் அறிவித்தது. பலர் விரும்பிப் பயன்படுத்திய பிக்காசாவைக் கூகிள் நிறுவனம் 2016இல் நிறுத்தியது. மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. கல்லூரியின் நினைவோ அதனினும் நெடிதாய் வாழவேண்டியது.

ஆகவே எந்த மென்பொருளை எடுத்தாலும் மூன்று வினாக்களை எழுப்புக. மூலத்தைத் தொடாது திருத்தத்தை வேறாக வைக்கின்றதா? நாம் எழுதிய பெயர்களும் குறிப்புகளும் பிறிதொரு மென்பொருளாலும் படிக்கத்தக்க வடிவில் இருக்கின்றனவா? வசதியற்ற மாணவனும் நேர்மையான வழியிற் பெறத்தக்கதா?

மூன்றாவது வினாவை நாம் வற்புறுத்துகின்றோம். விலைமிக்க மென்பொருளின் களவுப் பிரதியில் படந்திருத்தக் கற்கும் மாணவன் முதலிற் கற்பது களவே. அது வேண்டாததாகும். டிஜிகாம், டார்க்டேபிள், கிம்ப் ஆகியன பணமின்றி முறைப்படி பெறத்தக்கவை. படங்களை அடுக்கவும் பெயரிடவும் தேடவும் டிஜிகாம் உதவும். 2009இல் வெளிவந்த டார்க்டேபிள் ரோ கோப்பைத் தொடாது, செய்த திருத்தங்களைப் பக்கத்தே ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். அடிக்குறிப்பு என்று நாம் முன்னர்க் கூறியது இதுவே. கறை நீக்குதல் போன்ற நுண்பணிகளுக்குக் கிம்ப் போதும். இவற்றுள் டார்க்டேபிள் பழகக் கடினமானது என்பதை மறையோம். படப்பிடிப்பையே தொழிலாகக் கொண்டோர் விரைவு கருதிச் சந்தா செலுத்துவது அவர்தம் தொழிற்செலவு. அதனை நாம் குறைகூறோம். ஆனால், ஆண்டுதோறும் கைமாறும் மாணவர் கழகம் ஒன்று சந்தாவை நம்பி இருத்தல் தகாது.

முறையாவது யாது? விழா முடிந்த அன்றே கமராவிலுள்ள படங்கள் அனைத்தையும் கணினியிலும் வேறொரு வன்தட்டிலும் பிரதி செய்க. அதன் பின்னரே கமராவின் அட்டையை அழிக்குக. ஆண்டு, மாதம், நாள், நிகழ்ச்சி என்னும் வரிசையிற் கோப்புறைக்குப் பெயரிடுக. கணினி தானே அவற்றைக் கால ஒழுங்கில் நிறுத்தும். அடுத்து, தெரிவு செய்க. பத்தில் ஒன்பதை ஒதுக்கும் துணிவில்லாதவன் ஆயிரம் படங்களைத் திருத்தப் புகுந்து ஒன்றையும் முடியான். தெரிந்தெடுத்த படத்துக்கு, இடமிருந்து வலமாக நிற்போர் பெயரைப் படத்தின் விளக்கப் பகுதியில் எழுதுக. இதனைத் திருத்தத்துக்கு முன்னரே செய்தல் வேண்டும். ஒளியை நாளையும் திருத்தலாம். பெயரை நாளை கேட்க ஆள் இல்லாது போகலாம். அதன் பின்னரே சாய்வு, ஒளி, நிறம் ஆகியவற்றைச் சீர்செய்க. ஈற்றில் அச்சுக்குப் பெரியதும் கைப்பேசிக்குச் சிறியதுமாக வேறு வேறு பிரதிகளை எடுக்க. மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று கல்லூரி வளவுக்கு வெளியே என்பது காப்பு விதி. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதைக் கண்டும் கேட்டும் அறிந்த எம்மவருக்கு இவ்விதிக்கு விளக்கம் வேண்டியதில்லை.

இன்னுமொன்று. குழுப் படத்திற்கு வராத ஒருவரை இன்றைய கருவி கொண்டு எளிதிற் சேர்த்துவிடலாம். நின்ற ஒருவரை நீக்கியும் விடலாம். கறையை நீக்குதல் திருத்தம். ஆளைச் சேர்த்தலும் நீக்கலும் பொய். அன்பின் மிகுதியாற் செய்யினும் அது பொய்யே. கல்லூரி மலர் வருங்காலத்தார்க்கு ஒரு சான்றாவணம் என்பதை மறவாதிருப்போமாக.

பழைய மாணவ அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு அலுமாரியில் உறங்கும் கல்லூரிப் படங்களைத் தேடி எடுங்கள். படத்தை மட்டும் அனுப்பாது, அதில் நிற்போரின் பெயரையும் ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். அட்டையையும் பின்புறத்தையும் சேர்த்தே பிரதி எடுங்கள். இம்மலரில் இடம்பெற்றுள்ள உதைபந்தாட்டக் குழுப் படத்தைச் சற்றே உற்றுநோக்குங்கள். அந்த 9 பேருள் ஒருவரையேனும் அடையாளங் காண்பீராயின், கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். எமது பிழை அந்த அளவுக்கேனும் குறையும்.