மார்கழியும் ஆடுகளமும்

கல்லூரி நாட்காட்டியில் டிசம்பரும் சனவரியும் விடுமுறை மிகுந்த மாதங்கள். பருவத் தேர்வு முடிந்ததும் கிறித்துமசு, புத்தாண்டு, பொங்கல் என விழாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. வகுப்பறைகள் பூட்டப்படுகின்றன, விடுதிகள் வெறிச்சோடுகின்றன. கல்லூரி விளையாட்டு அணிகளுக்கோ இதுவே சுறுசுறுப்பான பருவம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் மண்டலப் போட்டிகளும் அனைத்திந்தியப் போட்டிகளும் பெரும்பாலும் இம்மாதங்களை ஒட்டியே அமைகின்றன. பிறர் ஓய்வெடுக்கும் வேளையில், அணியில் இடம்பெற்றோர் அதிகாலையில் எழுந்து ஆடுகளம் நோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

புதுச்சேரியில் இதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு. பிரெஞ்சு ஆட்சியின் எச்சமாக, புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. காரைக்கால் காவிரிப் படுகையில் உள்ளது. மாகி மேற்குக் கடற்கரையில் கேரளத்தால் சூழப்பட்டுள்ளது. ஏனாம் ஆந்திரத்தின் கோதாவரிக் கழிமுகத்தில் அமைந்துள்ளது. 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆட்சி எல்லைக்குள் இந்நான்கு பகுதிகளும் அடங்கும். இத்தகைய பல்கலைக்கழகத்துக்கென ஒரு மகளிர் கூடைப்பந்து அணி அமைக்க வேண்டுமாயின், தமிழும் மலையாளமும் தெலுங்கும் பேசும் மாணவியரை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். வகுப்பு நாள்களில் அது எளிதன்று. விடுமுறையே அவர்கள் ஒன்றுகூடுவதற்கு ஏற்ற காலம்.

ஆகவே, ஒரு கேள்வி எழுகிறது. மாணவியின் விடுமுறை நேரம் யாருக்கு உரியது? அவளுக்கா, அவள் வீட்டுக்கா? மகளிர் விளையாட்டின் வளர்ச்சி இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பெரிதும் சார்ந்திருக்கிறது.

குளிர்காலத்தில் பிறந்த ஆட்டம்

கூடைப்பந்தே குளிர்காலத்தின் குழந்தைதான். 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இவ்வாட்டத்தை உருவாக்கினார். வெளியே பனி, மாணவர்களுக்கு அரங்கினுள் ஆடத்தக்க ஆட்டம் தேவைப்பட்டது. பீச் பழக்கூடைகள் இரண்டை அரங்கின் இரு முனைகளிலும் உயரத்தில் பொருத்தி, 13 விதிகளை வகுத்தார். அவ்வளவே தொடக்கம்.

அடுத்த ஆண்டே அந்த ஆட்டம் பெண்களை எட்டியது. ஸ்பிரிங்ஃபீல்டை அடுத்த நார்த்தாம்டனில் இருந்த ஸ்மித் மகளிர் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர் செண்டா பெரென்சன் அதைத் தம் மாணவியர்க்குக் கற்பித்தார். 1896இல் ஸ்டான்ஃபோர்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகங்களின் மகளிர் அணிகள் மோதிய ஆட்டம், இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே நடைபெற்ற தொடக்ககால மகளிர் போட்டிகளுள் புகழ்பெற்றது. ஸ்டான்ஃபோர்டு 2-1 என வென்றது.

ஆனால், மகளிர் ஆட்டத்துக்குத் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆடுகளம் மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதியில் நிற்கும் பெண் கோட்டைத் தாண்டி அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. மிகுதியாக ஓடினால் பெண்ணுடல் தாங்காது என்பது அக்காலத்து நம்பிக்கை. பெரென்சனைக் குறைகூறுவதற்கில்லை, பெண்கள் ஆடுவதையே ஏற்காத சமூகத்தில், அந்தக் கோடுகள் இருந்ததால்தான் ஆட்டத்துக்கு இசைவு கிடைத்தது. ஆயினும், இசைவு பெறுவதற்காக வரையப்பட்ட கோடு எளிதில் அழியவில்லை. ஆடுகளத்தை இரண்டாகப் பிரித்து ஆடும் முறை, அமெரிக்காவின் சில மாநிலப் பள்ளிகளில் 1990கள் வரை நீடித்தது. ஒலிம்பிக்கில் ஆடவர் கூடைப்பந்து 1936இல் இடம்பெற்றது. மகளிர் கூடைப்பந்து 1976இல்தான் சேர்க்கப்பட்டது. இடையில் கழிந்தவை 40 ஆண்டுகள்.

நாட்காட்டியில் உள்ள கோடு

தரையில் இருந்த கோடுகள் இன்று இல்லை. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட களம் முழுவதும் பெண்கள் ஓடி ஆடுகின்றனர். அவர்களது நாளில் இருக்கும் கோடு மட்டும் இன்னும் அழியவில்லை.

விடுமுறைக்கு வீடு திரும்பும் மகனை நோக்கி, 'படித்துக் களைத்திருப்பான், சற்று ஓய்வெடுக்கட்டும்' என்கிறது குடும்பம். மகள் திரும்பினால், 'இத்தனை நாள் இல்லாதவள் வந்துவிட்டாள், இனி அம்மாவுக்கு ஓய்வு' என்கிறது. இரண்டும் அன்பின் சொற்களே. எனினும், முன்னது நேரத்தைக் கொடுக்கிறது. பின்னது நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மார்கழிக் கோலமும் பொங்கலுக்கு முந்தைய வீட்டுத் தூய்மைப் பணியும் பெரும்பாலும் மகளின் பங்காகின்றன. மாலையில் பந்தெடுத்து வெளியே செல்லும் மகனிடம் காரணம் கேட்பவர் இல்லை. மகள் செல்வதற்கு முன்னரே காரணம் கூற வேண்டியுள்ளது.

இது வெறும் உணர்வு சார்ந்த கூற்றன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019ஆம் ஆண்டு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணிகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களைச் செலவிடுகின்றனர். ஆண்கள் செலவிடுவது 97 நிமிடங்கள். இக்கணக்கு மாணவியரை மட்டும் அளந்ததன்று. எனினும், அவர்கள் வளரும் வீடுகளின் நிலையை இது காட்டுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 202 நிமிடங்கள். ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் நிகர நேரமோ 40 நிமிடங்கள்தாம். அந்த வேறுபாட்டுக்குள் ஐந்து ஆட்டங்களை ஆடி முடித்துவிடலாம்! மகளிர் விளையாட்டில் நாடு பின்தங்கியிருப்பதற்குத் திறமைக் குறைவைக் காரணமாகச் சொல்வோர், முதலில் இந்த நேரக் குறைவைக் கணக்கிட வேண்டும்.

பயிற்சி ஏன் தொடர வேண்டும்?

'பத்து நாள் ஆடாவிட்டால் என்ன குறைந்துவிடும்?' என்று கேட்போர் உண்டு. கூடைப்பந்தின் இயல்பை அறிந்தோர் அவ்வாறு கேட்க மாட்டார். பந்தைக் கைப்பற்றிய அணி 24 நொடிகளுக்குள் வளையத்தை நோக்கி எறிய வேண்டும். அந்நேரத்துக்குள் ஐவரும் இடம் மாறி, எதிரணியை விலக்கி, பந்தைக் கடத்தியாக வேண்டும். எங்கே செல்கிறாள் தோழி என்று திரும்பிப் பார்த்து முடிவெடுக்க நேரமிராது. அவள் அங்கே வந்து நிற்பாள் என்னும் நம்பிக்கையிலேயே பந்து கையைவிட்டுப் புறப்படுகிறது. அந்த நம்பிக்கை தனித்தனியே வீட்டில் பயிற்சி செய்வதால் விளைவதன்று. சேர்ந்து ஆடி ஆடியே வளர்வது. தனி ஓட்டக்காரர் ஊரிலிருந்தே ஓடிப் பழகலாம். அணி விளையாட்டில் ஒருத்தி வரவில்லை என்றால், மற்ற நால்வரின் பயிற்சியும் குறைபடுகிறது.

இவ்வாறு தொடர்ந்து ஆடக் கிடைத்த வாய்ப்பு ஒரு பெண்ணை எவ்வளவு தொலைவு கொண்டுசெல்லும் என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை சான்றாவார். 19 வயதிலேயே இந்திய அணியின் தலைமையை ஏற்ற அவர், தென்னக இரயில்வேயில் பணிபுரிந்தபடி ஏறத்தாழ 18 ஆண்டுகள் நாட்டுக்காக ஆடினார். தாயான பின்னர் மீண்டும் களத்துக்குத் திரும்பி, 2017இல் பெங்களூரில் நடைபெற்ற மகளிர் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் போட்டியில் இந்திய அணிக்காக ஆடினார். இறுதி ஆட்டத்தில் இந்தியா கசகசுத்தானை 75-73 என வென்றது. 2021ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவரது திறமை போற்றத்தக்கது. அதனுடன் சேர்த்து நினைக்கத்தக்கது, திருமணமும் தாய்மையும் அவரது ஆட்டத்துக்கு முற்றுப்புள்ளி வைக்கவில்லை என்பது. கல்லூரியின் இறுதியாண்டோடு பந்தை வைத்துவிடும் எண்ணற்ற பெண்களுக்கு அத்தகைய ஆதரவு வாய்ப்பதில்லை.

புதுச்சேரியின் முன்மாதிரி

பெண்கள் ஆடுவது புதுச்சேரிக்குப் புதிதன்று. 1945இல் அரவிந்தர் ஆசிரமத்தில் அன்னை முறையான உடற்கல்வியைத் தொடங்கினார். நாட்டின் பெரும்பகுதியில் பெண்கள் புடைவையில் ஓடத் தயங்கிய அக்காலத்தில், இங்கே சிறுமியரும் மகளிரும் அரைக்காற்சட்டை அணிந்து பயிற்சி செய்தனர். உடற்பயிற்சியால் பெண்மை கெடும், மாதவிடாய்க் காலத்தில் அசையவே கூடாது என்றெல்லாம் நிலவிய அச்சங்களுக்கு அன்னை வெளிப்படையாக விடையளித்தார். இருபாலர்க்கும் ஒரே பயிற்சித் திட்டம் போதும் என்பது அவர் கருத்து. ஆண்டுதோறும் டிசம்பர் 2ஆம் நாள் ஆசிரமப் பள்ளியின் உடற்பயிற்சி விழாவில் இருபாலரும் பங்குபெறும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. குளிர்காலத்தில், திறந்த வெளியில், ஊரறியப் பெண்கள் தம் உடல்திறனைக் காட்டிய மரபு இந்நகரில் வேரூன்றியுள்ளது.

எனினும், அது ஒரு நிறுவனத்தின் மதிலுக்குள் வளர்ந்த மரபு. மதிலுக்கு வெளியே உள்ள நகரம் அதை முழுமையாகத் தனதாக்கிக்கொள்ளவில்லை. புதுச்சேரியின் அரசு மகளிர் கல்லூரி, பெண்கல்வியைப் போற்றிப் பாடிய பாரதிதாசன் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்வி என்பது ஏட்டுடன் முடிவதன்று. உடலை அறிவதும் அதில் அடங்கும். பெண்ணுக்கு ஏட்டைக் கொடுத்த சமூகம், பந்தைக் கொடுக்கும்போது மட்டும் ஏன் தயங்க வேண்டும்?

தயக்கங்களும் விடைகளும்

பெற்றோரின் தயக்கங்கள் அனைத்தையும் அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. பாதுகாப்பு குறித்த அச்சம் உண்மையானது. மார்கழியில் பொழுது விரைவில் சாய்கிறது. பயிற்சி முடிந்து இருளில் பேருந்துக்குக் காத்திருக்கும் மகளை எண்ணி எந்தத் தாயும் கலங்குவாள். இவ்வச்சத்துக்குத் தீர்வு மகளை வீட்டில் நிறுத்துவதன்று. பயிற்சி நேரத்தை முன்கூட்டியே வகுப்பதும், களத்துக்கு விளக்கும் வீடு திரும்ப ஊர்தியும் அளிப்பதும், பெண் பயிற்றுநரை அமர்த்துவதும் கல்வி நிறுவனத்தின் கடமைகள். அச்சத்தின் சுமையை நிறுவனம் ஏற்க வேண்டும்; அதை மாணவியின் தலையில் இறக்கி வைத்தல் முறையாகாது.

படிப்பு கெடும் என்பது மற்றொரு தயக்கம். விடுமுறையில் தேர்வு இல்லை. எனவே, இத்தயக்கம் அங்கே வலுவிழக்கிறது. மேலும், இரயில்வே போன்ற அரசுத் துறைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வீராங்கனையரைப் பணியில் அமர்த்துகின்றன. 'வெயிலில் கறுத்துப் போவாள், அடிபட்டால் மணவாழ்வு பாதிக்கும்' என்போரும் உளர். ஒரு பெண்ணின் உடலை அவளுக்காகப் பார்க்காமல், நாளை வரப்போகும் ஒருவரின் பார்வைக்காகக் காக்கும் எண்ணமே இது. இதற்கு இசைந்து போதல் தகாது.

இயற்கையும் ஒரு தடையே. ஸ்பிரிங்ஃபீல்டில் பனி பெய்தது போல, புதுச்சேரியில் இக்காலத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்கிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்தபோது நகரின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. திறந்தவெளிச் சிமெண்டுத் தளத்தில் நீர் தேங்கினால், அது வடிந்து உலரும் வரை ஆட இயலாது. நெய்ஸ்மித் கண்ட தீர்வே இங்கும் பொருந்தும்: கூரையுள்ள அரங்கு. அத்தகைய அரங்குகளில் மழைக்கால மாலை நேரங்களை ஆடவர் அணிகளுக்கு மட்டுமே ஒதுக்காமல், மகளிர் அணிகளுக்கும் சம அளவில் பகிர்ந்தளிக்க வேண்டும்.

வளையத்தின் உயரம்

செய்ய வேண்டியவை பெரியனவல்ல. பயிற்சி முகாமில் உள்ள மாணவியர்க்காக விடுதியும் உணவுக்கூடமும் விடுமுறையிலும் திறந்திருக்க வேண்டும். போட்டி நாள்கள் முன்னரே பெற்றோர்க்குத் தெரிவிக்கப்பட வேண்டும். தங்கை பயிற்சிக்குச் செல்லும் காலையில் அண்ணன் பால் வாங்கி வரலாம், பாத்திரம் துலக்கலாம். மகள் ஆடும் போட்டிக்குக் குடும்பத்தார் ஒருமுறையேனும் நேரில் சென்று பார்க்கலாம். கோலமும் பொங்கலும் அவளுக்கு அயலாகிவிடப் போவதில்லை. அவற்றை வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொண்டால், அவளும் களத்திலிருந்து திரும்பி வந்து மகிழ்வுடன் கலந்துகொள்வாள்.

மகளிர் கூடைப்பந்தில் பந்து ஆடவர் பந்தைவிடச் சற்றுச் சிறியது. வளையத்தின் உயரமோ இருபாலர்க்கும் ஒன்றே: தரையிலிருந்து 3.05 மீட்டர். பெண் என்பதற்காக எந்த நடுவரும் அதைத் தாழ்த்துவதில்லை. எந்த வீராங்கனையும் தாழ்த்தும்படி கேட்பதுமில்லை. அதே உயரத்தை எட்டுவதற்கு, ஆடவர்க்குக் கிடைக்கும் அதே நேரம் மட்டுமே அவளுக்கு வேண்டும். அதைக் கொடுப்பது சலுகையன்று, நேர்மை.