விரயப் பட்டியலில் மனிதர்கள் இல்லை

ஒரு நிறுவனத்தில் விரயத்தை ஒழிக்கும் லீன் முறை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பினால் போதும், கேன்டீன் வரை ஒரே கேள்விதான் ஓடும்: எத்தனை பேருக்கு வேலை போகும்? கேட்பவர்கள் மீது தப்பில்லை. விரயத்தை ஒழிப்பது என்றால் சம்பளப் பட்டியலைச் சுருக்குவது என்ற நம்பிக்கை நிர்வாகங்களிடமே ஊறிப்போயிருக்கிறது. கன்சல்டன்ட் வருவார், கடிகாரம் பிடித்து வேலையை அளப்பார், அறிக்கை கொடுப்பார். எவ்வளவு மிச்சம் என்ற கேள்விக்கு விடை, எத்தனை ஆள் மிச்சம் என்பதாகவே இருக்கும். இது கொடுமை என்பது ஒரு பக்கம். வெறும் வரவு செலவுக் கணக்காகப் பார்த்தாலும் இது தப்புக் கணக்கு.

டொயோட்டாவில் இந்த முறையைக் கட்டியெழுப்பிய தாயிச்சி ஓனோ விரயத்தை ஏழாகப் பிரித்தார்: தேவைக்கு மேல் உற்பத்தி, காத்திருத்தல், வீண் இடமாற்றம், அவசியமில்லாத வேலைப்பாடு, தேங்கும் கையிருப்பு, வீண் அசைவு, பழுதான பொருள். இந்த ஏழில் தொழிலாளி எங்கே இருக்கிறார்? அவருடைய நேரத்தையும் உழைப்பையும் தின்பவைதான் இருக்கின்றன. ஏழிலும் மோசமானது தேவைக்கு மேல் உற்பத்தி என்றார் ஓனோ. எவ்வளவு தயாரிப்பது என்று முடிவெடுப்பவர் லைனில் நிற்பவரா, மேலே அலுவலகத்தில் இருப்பவரா?

டொயோட்டாவே ஆட்களை அனுப்பியதே என்று கேட்பார்கள். அனுப்பியது. 1950இல் கடன் கழுத்தை நெரித்தது, வேலைநிறுத்தம் வெடித்தது, சுமார் 1,600 பேர் வெளியேறினார்கள். ஆனால் அதற்குப் பொறுப்பேற்று நிறுவனர் கீச்சிரோ டொயோடாவும் தலைவர் பதவியிலிருந்து விலகினார். அந்தக் காயம் ஆறத் தொழிற்சங்கமும் நிர்வாகமும் பல ஆண்டுகள் பாடுபட்டன. பரஸ்பர நம்பிக்கையை அடித்தளமாக வைத்து 1962இல் இரு தரப்பும் கூட்டுப் பிரகடனம் செய்தன. இந்தப் பகுதியை வசதியாக மறந்துவிட்டு, எண்களை மட்டும் நிர்வாகங்கள் கடன் வாங்குகின்றன.

நம்பிக்கைக்கு என்ன பலன் என்பதற்குச் சான்று ஜப்பானில்கூட இல்லை, அமெரிக்காவில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் கார் ஆலையை 1982இல் ஜெனரல் மோட்டார்ஸ் இழுத்து மூடியது. தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத ஆலை அது. 1984இல் டொயோட்டாவும் ஜிஎம்மும் கூட்டுச் சேர்ந்து நூமி என்ற பெயரில் அதைத் திறந்தன. அதே தொழிற்சங்கம், பெரும்பாலும் அதே ஆட்கள். வேலைக்கு வராதவர்கள் சொற்பமானார்கள், கார்களின் தரம் உயர்ந்தது.

நூமியில் லைனுக்கு மேலே நெடுக ஒரு கயிறு கட்டியிருந்தார்கள். போல்ட் முடுக்கும்போது மரை சரியாகப் பிடிக்கவில்லை என்று கைக்குத் தெரிந்தால் தொழிலாளி கயிற்றை இழுக்கலாம். இசை ஒலிக்கும், குழுத் தலைவர் வருவார். கார் அந்த இடத்தைக் கடப்பதற்குள் சரியாகிவிட்டால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், ஆகாவிட்டால் நிற்கும். பழைய நிர்வாகத்தில் லைனை நிறுத்துவது பெருங்குற்றம். பழுதோடே வண்டி இறங்கும், பிறகு வேறு ஆட்கள் அதைப் பிரித்துச் சரிசெய்வார்கள். ஒரு வேலைக்கு இரண்டு கூலி! விரயம் என்றால் இதுதான்.

1988 வாக்கில் நூமியின் ஷெவர்லே நோவா சரியாக விற்கவில்லை, உற்பத்தி குறைந்தது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆட்குறைப்புக்கு முன் வெளியே கொடுத்த வேலைகளைத் திரும்ப எடுக்க வேண்டும், மேலதிகாரிகளின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. உபரி ஆட்கள் பயிற்சிக்கும், கைசன் எனப்படும் தொடர் மேம்பாட்டு வேலைக்கும் போனார்கள். இந்த முறைக்கு லீன் என்று பெயர் வைத்த ஜான் கிராஃப்சிக்கும் நூமியில் பொறியாளராக இருந்தவர்தான்.

அதே மாநிலத்தில் ஜிஎம்மின் வான் நைஸ் ஆலையிலும் குழுவாக வேலை செய்யும் இதே முறை வந்தது. ஆனால் ஆலை மூடப்படலாம் என்ற மிரட்டலின் நிழலில் வந்தது. தொழிற்சங்கம் இரண்டுபட்டது, நம்பிக்கை வரவில்லை. 1992இல் ஆலை மூடப்பட்டது.

இரண்டு ஆலைகளின் வேறுபாட்டுக்குக் காரணம் கண்டுபிடிக்க ஆராய்ச்சி தேவையில்லை. வீண் அசைவு எது, எங்கே காத்துக் கிடக்கிறோம் என்பதெல்லாம் அந்த வேலையைச் செய்பவருக்குத்தான் முதலில் தெரியும். இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்கும் வழியை அவர் சொன்னதும் பக்கத்தில் நிற்பவரின் வேலை போனால், அடுத்த யோசனையை எவர் சொல்வார்? வாயை மூடிக்கொள்வார்கள். அத்தோடு அந்த ஆலையில் சீர்திருத்தம் முடிந்தது.

டொயோட்டாவைக் கோயிலாக்கவும் வேண்டாம். 2008 நெருக்கடியில் ஜப்பானில் தற்காலிகத் தொழிலாளர்களை அது கழற்றிவிட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு ஒரு நியாயம், தற்காலிகத் தொழிலாளிக்கு ஒரு நியாயம் என்ற அந்த ஓட்டை அதன் முறையின் பலவீனம். அந்த ஓட்டையையும் சேர்த்துப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விரய ஒழிப்புத் திட்டம் தொடங்கும் நிர்வாகம் முதலில் ஒரு கடிதத்தில் கையெழுத்திடட்டும்: இந்தத் திட்டத்தால் மிச்சமாகும் வேலையைக் காட்டி எவரும் வெளியேற்றப்பட மாட்டார், மாற்று வேலையோ பயிற்சியோ தரப்படும் என்று. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் அது பொருந்தட்டும். கையெழுத்திட மனமில்லை என்றால் ஆட்குறைப்பு என்றே திட்டத்துக்குப் பெயர் வைக்கட்டும். தொழிற்சங்கம் அதற்கேற்றபடி பேசிக்கொள்ளும்.