கேமரா அப்படியே இருக்கட்டும், லென்ஸை மாற்றுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் அதற்கு அடுத்த செலவு பல நேரங்களில் கேமராவாகத்தான் இருக்கிறது. செல்போனில் எடுத்தது போதாது என்று லென்ஸ் கழற்றி மாட்டும் கேமரா ஒன்றை வாங்குகிறோம். முதல் இரண்டு மாதம் உற்சாகமாக இருக்கும். பிறகு ஒரு சலிப்பு வரும். மாமல்லபுரத்தில் வெயிலில் எடுத்த படங்கள் மானிட்டரில் பளிச்சென்று தெரிகின்றன. ஆனால் வீட்டுக்குள், ராத்திரி, குழந்தை கேக் வெட்டும்போது எடுத்த படங்கள்? முகம் அசைந்து போயிருக்கும், இல்லையென்றால் மணல் தூவியது போலப் புள்ளிகள் நிறைந்திருக்கும். உடனே "இந்தக் கேமரா சரியில்லை, மெகாபிக்ஸல் அதிகம் உள்ள புது மாடலுக்கு மாறிவிடலாம்" என்ற யோசனை வருகிறது. கடையில் போய்க் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள்.

அந்தப் பணத்தைக் கேமராவில் போடாதீர்கள் என்பது என் கருத்து. எப்/2.8 ஸ்டாண்டர்டு ஜூம் லென்ஸ் ஒன்றில் போடுங்கள். அதற்கும் முன்னால், அந்த லென்ஸ் உங்களுக்குத் தேவைதானா என்று உங்கள் கம்ப்யூட்டரிடமே ஒரு முறை கேட்டுவிடுங்கள். எப்படிக் கேட்பது என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் மெகாபிக்ஸல் கணக்கை முடித்துவிடலாம். 24 மெகாபிக்ஸல் கேமரா தரும் படம் 6000க்கு 4000 புள்ளிகள். உங்கள் மேஜை மேல் இருக்கும் புல் எச்.டி. மானிட்டர் காட்டுவது 1920க்கு 1080, அதாவது ஏறக்குறைய 2 மெகாபிக்ஸல். 4கே மானிட்டராக இருந்தாலும் 8தான். ஆக, இப்போதே உங்கள் திரையில் தெரிவதைவிடப் பல மடங்கு புள்ளிகள் கையில் இருக்கின்றன. இனி 40 மெகாபிக்ஸலுக்குப் போனாலும் அசைந்த முகம் அசைந்த முகமாகத்தான் வரும். ஹார்ட் டிஸ்க் மட்டும் சீக்கிரம் நிறையும்.

சிக்கல் வெளிச்சத்தில் இருக்கிறது. கேமராவுடன் சேர்த்துத் தரும் லென்ஸை கிட் லென்ஸ் என்பார்கள். அதன் முன்பக்க வளையத்தில் 18-55 மி.மீ., 1:3.5-5.6 என்று அச்சிட்டிருக்கும். இரண்டாவது எண்தான் எப் நம்பர். லென்ஸின் குவிய தூரத்தை அதன் திறப்பின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது இது. எண் சிறியதாக இருந்தால் திறப்பு பெரியது. 50 மி.மீ. குவிய தூரத்தில் எப்/2.8 என்றால் திறப்பின் விட்டம் சுமார் 18 மி.மீ. எப்/5.6 என்றால் 9 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. கிட் லென்ஸை முழுவதும் ஜூம் செய்தால் நுழையும் வெளிச்சத்தைப் போல நான்கு மடங்கு, எப்/2.8 லென்ஸில் நுழைகிறது. ஜூமை எந்தப் பக்கம் திருப்பினாலும் அந்த 2.8 மாறாது என்பது இன்னொரு வசதி.

நான்கு மடங்கு என்பது வீட்டில் என்ன செய்யும்? டியூப் லைட் எரியும் சாதாரண ஹால் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ராத்திரி நேரம், ஐ.எஸ்.ஓ. 1600. கிட் லென்ஸ் 5.6ல் இருந்தால் ஷட்டர் ஏறக்குறைய 1/30 விநாடி திறந்திருக்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் குழந்தையின் தலை சும்மா இருக்குமா? 2.8 லென்ஸில் அதே ஹாலுக்கு 1/125 போதும். சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் ஒருவரை அசையாமல் பிடிக்க இது பெரும்பாலும் போதுமான வேகம். ஓடும் குழந்தைக்குப் போதாது, ஐ.எஸ்.ஓ.வை இன்னொரு படி ஏற்றி 1/250க்குப் போக வேண்டும். ஷட்டரை இப்படி வேகமாக வைக்க இடம் கொடுப்பதால்தான் இதற்கு பாஸ்ட் லென்ஸ் என்று பெயர். லென்ஸுக்குள் இருக்கும் மோட்டாரின் வேகத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல டியூப் லைட்டுகளும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். படத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் கேமராவைக் குறை சொல்லாமல் ஷட்டரை 1/100 அல்லது 1/50ல் வைத்துப் பாருங்கள்.

"என் கிட் லென்ஸில் ஆட்டத்தைத் தடுக்கும் வசதி இருக்கிறதே" என்று கேட்பீர்கள். வி.ஆர்., ஐ.எஸ்., ஓ.எஸ்.எஸ். என்று ஆளுக்கொரு பெயரில் தருகிறார்கள். நல்ல வசதிதான். ஆனால் அது சரி செய்வது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே. எதிரில் இருப்பவர் அசைந்தால் அது ஒன்றும் செய்ய முடியாது. கோயில் தூணை எடுக்க உதவும், பேரனை எடுக்க உதவாது. பிளாஷ் போட்டால் அசைவு நிற்கும், மறுக்கவில்லை. ஆனால் கேமராவிலேயே உள்ள சின்ன பிளாஷை நேராக முகத்தில் அடித்தால் நெற்றி வெளுத்து, பின்னால் சுவரில் கறுப்பு நிழல் விழுந்து, கொலு படிகளில் ஏற்றிய விளக்கின் மஞ்சள் வெளிச்சம் இருந்த இடமே தெரியாமல் போய்விடும்.

அடுத்த கேள்வி கம்ப்யூட்டர்காரர்களான நம்மிடமிருந்துதான் வரும். சாப்ட்வேரில் சரி செய்துகொள்ள முடியாதா? சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன் நான். ஆனாலும் இதில் லென்ஸ் பக்கம்தான் நிற்பேன். புள்ளிகளை நீக்குவதில் சாப்ட்வேர் உண்மையிலேயே முன்னேறியிருக்கிறது. அடோபி லைட்ரூமில் 2023ல் வந்த டீநாய்ஸ் வசதியைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் டார்க்டேபிள், ராதெரபி போன்றவற்றிலும் புள்ளி நீக்கும் வசதி உண்டு. ஆனால் லைட்ரூமின் அந்த வசதி நல்ல கிராபிக்ஸ் கார்டை எதிர்பார்க்கிறது. அது இல்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு படத்துக்கே பல நிமிடங்கள் ஓடலாம். அதைவிட முக்கியமானது, புள்ளியை நீக்குவது வேறு, அசைவை நீக்குவது வேறு. 1/15 விநாடியில் இழுபட்டுப் போன கண் இமை அந்தப் பைலில் இல்லவே இல்லை. இல்லாததை இன்றைய செயற்கை நுண்ணறிவுச் சாப்ட்வேர்கள் ஊகித்து வரைகின்றன. திரையில் தெளிவாகத்தான் தெரியும். ஆனால் அது தாத்தாவின் கண் அல்ல, எங்கோ பார்த்த ஆயிரம் கண்களின் சராசரி. எண்பதாம் பிறந்த நாளை மறுபடி நடத்திப் படம் எடுக்க முடியாது என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

செல்போனில் எப்/1.8 என்று போட்டிருக்கிறதே என்றும் கேட்கிறார்கள். உண்மைதான். ஆனால் நல்ல போன்களில் வரும் 1/1.3 அங்குல சென்சாரைவிட, ஏ.பி.எஸ்.-சி வகைக் கேமராவின் சென்சார் பரப்பில் சுமார் ஐந்து மடங்கு பெரியது. எப் நம்பரை மட்டும் வைத்து இரண்டையும் ஒப்பிடுவது, வாளியையும் டம்ளரையும் குழாயின் அளவை மட்டும் வைத்து ஒப்பிடுவது போல.

இப்போது கம்ப்யூட்டரிடம் கேட்கும் வேலை. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தின் பைலுக்குள்ளும் அதை எடுத்த விவரத்தை எழுதி வைக்கிறது. இதற்கு எக்ஸிப் தகவல் என்று பெயர். விண்டோஸில் படத்தின் மீது ரைட் கிளிக் செய்து, புராப்பர்ட்டீஸ் சென்று, டீடெய்ல்ஸ் டேபை அழுத்தினால் இதைக் காணலாம். ஒவ்வொன்றாகப் பார்க்க நேரமில்லை என்றால், படங்கள் உள்ள போல்டரைத் திறந்து வியூவில் டீடெய்ல்ஸ் தேர்ந்தெடுங்கள். மேலே உள்ள தலைப்பு வரியில் ரைட் கிளிக் செய்து, மோர் என்பதை அழுத்துங்கள். வரும் பட்டியலில் எப்-ஸ்டாப், போகல் லெங்த், எக்ஸ்போஷர் டைம், ஐ.எஸ்.ஓ. ஸ்பீடு ஆகிய நான்கிலும் டிக் செய்து ஓ.கே. கொடுங்கள். இனி எந்தத் தலைப்பில் கிளிக் செய்கிறீர்களோ அதன்படி படங்கள் வரிசையாகும். மெமரி கார்டிலிருந்து நேராகக் காப்பி செய்த பைல்களையே பாருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி வாங்கியதில் இந்த விவரங்கள் அழிந்து போயிருக்கும்.

கடந்த ஓர் ஆண்டுப் படங்களை இப்படி வரிசைப்படுத்துங்கள். ஐ.எஸ்.ஓ. 100, 200, ஷட்டர் 1/250க்கு மேல் என்றே பெரும்பாலும் வருகிறதா? நீங்கள் வெளியில் பகலில் எடுப்பவர். உங்களுக்கு இந்த லென்ஸ் தேவையில்லை, கிட் லென்ஸே போதும், பணம் மிச்சம். மாறாக ஐ.எஸ்.ஓ. 3200, 6400, எப்-ஸ்டாப் 5 அல்லது 5.6, ஷட்டர் 1/30, 1/40 என்று பக்கம் பக்கமாக வருகிறதா? அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குத்தான். என் அத்தை மகன் கேமரா மாற்றியே தீர வேண்டும் என்று நின்றபோது அவனுடைய போல்டரை இப்படித்தான் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் வீட்டுக்குள் எடுத்த படங்கள், அத்தனையும் லென்ஸ் அதன் எல்லையில் திணறிக்கொண்டிருந்த படங்கள். கேமரா இன்னும் அவனிடம் அதேதான் இருக்கிறது.

எதை வாங்குவது என்பது கேமராவைப் பொறுத்தது. மிரர்லெஸ் வகை ஏ.பி.எஸ்.-சி கேமராக்களுக்கு சிக்மா 2021ல் கொண்டுவந்த 18-50 மி.மீ. எப்/2.8 என் முதல் சிபாரிசு. எடை 300 கிராமுக்கும் குறைவு. இதே வேலையைச் செய்யும் புல் பிரேம் லென்ஸான, கேனனின் 2012ஆம் ஆண்டு 24-70 எப்/2.8 இரண்டாம் பதிப்பு 805 கிராம். தினமும் பையில் எடுத்துப் போகும் லென்ஸுக்கு இந்த வித்தியாசம் பெரிது. கனமான லென்ஸ் பீரோவில்தான் தூங்கும். டாம்ரான் 17-70 எப்/2.8ல் ஜூம் சற்று அதிகம், ஆட்டத்தைத் தடுக்கும் வசதியும் உண்டு, ஆனால் எடை அரைக் கிலோவைத் தாண்டும். இவை எல்லாக் கம்பெனிக் கேமராவிலும் பொருந்தாது. உங்கள் மவுண்ட் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பழைய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்களுக்கு 2006ல் வந்த டாம்ரான் 17-50 எப்/2.8 செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமரா உள்ளவர்கள் மட்டும் ஜாக்கிரதை. அந்த லென்ஸின் முதல் பதிப்பில் மோட்டார் கிடையாது, உங்கள் கேமராவிலும் கிடையாது, ஆட்டோ போகஸ் வேலை செய்யாது. மோட்டார் உள்ள பிந்தைய பதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும்.

இவ்வளவு செலவு எதற்கு, 50 மி.மீ. எப்/1.8 லென்ஸ் மிக மலிவாகக் கிடைக்கிறதே என்பது நியாயமான வாதம். வெளிச்சக் கணக்கில் அது இதையும் வெல்லும். பணம் இடித்தால் அதையே வாங்குங்கள், தவறில்லை. ஆனால் அதில் ஜூம் கிடையாது. பத்து அடி தள்ளி நின்றால் ஏ.பி.எஸ்.-சி கேமராவில் அது காட்டுவது நாலேமுக்கால் அடி அகலம்தான், இரண்டு மூன்று பேர் அடங்குவார்கள். அதே இடத்தில் 18 மி.மீ. பதின்மூன்று அடி அகலத்தைக் காட்டும். நம் வீட்டு ஹாலில் பின்னால் போக எங்கே இடம் இருக்கிறது? சுவரில் முதுகு முட்டிவிடும். தாலி கட்டும் நேரத்தில் முகத்தையும் பந்தலையும் அடுத்தடுத்து எடுக்க வேண்டும். லென்ஸைக் கழற்றி மாட்ட யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

2.8ல் ஒரு தொல்லை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 50 மி.மீ.யில் ஆறரை அடி தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஏழு அங்குலம்தான். தனி ஆள் படத்துக்கு இது அழகு. இரண்டு வரிசையாக நிற்கும் குடும்பப் படத்துக்கு ஆபத்து, பின்வரிசையில் நிற்கும் சித்தப்பா மங்கிப் போவார். கூட்டமாக எடுக்கும்போது 5.6க்கு மாற்றிக்கொண்டு, எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் செல்போன் டார்ச்சை லென்ஸின் ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். கடற்கரை ஊர்களில் இது சகஜம். பிறகு சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி, கேமராவை நேராக வைத்து, 2.8ல் ஜூமின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு படம் எடுங்கள். கேமராவின் சின்னத் திரையை நம்ப வேண்டாம். லேப்டாப் எடுத்துப் போய் அங்கேயே 100 சதவீத அளவில் திறந்து நான்கு மூலைகளிலும் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். மூலைகள் நடுவைவிடக் கொஞ்சம் மங்கலாக இருப்பது இயல்பு. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றைவிட மோசமாக இருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.