வாசல் ஆணியில் ஒரு டார்ச் லைட்

என்கிட்ட பதினோரு டார்ச் லைட் இருக்கு. "இதென்ன பைத்தியம்?" என்று வீட்டில் திட்டுவார்கள். அப்பா வைத்திருந்த ரெண்டு கட்டை எவரெடியில் தொடங்கிய ஆசை இது.

பட்டணத்து நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "எவ்வளவு தூரம் அடிக்கும்?" மும்முனை கரண்ட் நடுராத்திரி வரும். மோட்டார் போட வரப்பில் நடக்கிறவனுக்குத் தூரத்துப் பனைமரம் தெரிந்து என்ன பயன்? காலுக்கு முன்னால் நாலடி தெரியணும். கட்டுவிரியன் இரை தேடுவது ராத்திரியில்தான்.

தலையில் மாட்டுகிற லைட்டும் வாங்கினேன். மடை திருப்ப இரண்டு கையும் கிடைக்கும், வசதிதான். ஆனால் பூச்சியெல்லாம் முகத்தில் மோதும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் போவதால் நிழலும் சரியாக விழாது. கயிறும் பாம்பும் ஒன்றுபோலத் தெரியும். கையில் தாழ்த்திப் பிடித்து அடித்தால் மேடுபள்ளம் நிழலோடு தெரியும். போன ஐப்பசியில் வாய்க்கால் ஓரம் கட்டுவிரியனை அப்படித்தான் பார்த்தேன். இன்னும் ஒரு எட்டு வைத்திருந்தால் இதை எழுத நான் இருந்திருப்பேனா தெரியாது.

சேர்க்கிறது தப்பில்லை. பேட்டரியைக் கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் கசிந்து ஸ்பிரிங்கைத் தின்றுவிடும். என் பதினொன்றில் பத்து ஆசைக்கு. ஒன்று வாசல் ஆணிக்கு. இருட்டில் கை நீட்டினால் கிடைக்கணும், எடுத்தவர் அங்கேயே திரும்ப மாட்டணும். எங்க வீட்டுச் சட்டம் அது.

ஊருக்கு வந்தால் போன் வெளிச்சத்தை நம்பி வரப்பில் இறங்காதீங்க. ஆணியில் இருப்பதை எடுத்துட்டுப் போங்க.