தாய் 12 லிட்டர், மகள் 7 லிட்டர்... கிடேரியை விற்கலாமா?

''எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு நாளொன்றுக்கு 12 லிட்டர் கறக்கிறது. அதற்கு நல்ல காளையின் சினை ஊசி போட்டுப் பிறந்த கிடேரி, முதல் ஈத்தில் 7 லிட்டர்தான் கறக்கிறது. உயரமும் குறைவு. ஊசியில் ஏமாற்றிவிட்டார்களா? கிடேரியை விற்றுவிடலாமா?''

- வாசகி, வெள்ளிமலை, கல்வராயன்மலை.

''அவசரப்பட்டு விற்க வேண்டாம். நல்ல ஊசி போட்டாலும் இப்படி நடக்கும்.

மாட்டுக்குக் கொம்பு முளைப்பதும் முளைக்காததும் பெரும்பாலும் ஒரே மரபணுவின் வேலை. பால் அளவு, உயரம், மடி அமைப்பு அப்படியல்ல. பல நூறு மரபணுக்கள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு தருகின்றன. 2018-ம் ஆண்டு வெளியான ஆய்வில் 58,265 மாடுகளை ஆராய்ந்தபோது, உயரத்துடன் மட்டும் தொடர்புள்ள 163 இடங்கள் தெரிய வந்தன. அத்தனையும் சேர்ந்தும் மாட்டுக்கு மாடு உள்ள உயர வித்தியாசத்தில் 14 சதவிகிதம் வரைதான் விளக்க முடிந்தது.

கன்றுக்குத் தாயிடமிருந்து பாதி, காளையிடமிருந்து பாதி வருகிறது. எந்தப் பாதி என்பது குலுக்கல் சீட்டு மாதிரி. ஒரே தாய்க்கும் ஒரே காளைக்கும் பிறந்த அக்கா, தங்கை கிடேரிகள்கூட ஒன்றுபோல் கறப்பதில்லை. அதனால்தான் ஒரு மகளை வைத்துக் காளையை எடைபோடக் கூடாது. பல ஊர்களில் அதன் மகள்கள் கறந்த கணக்கைப் பார்த்தே மதிப்பிடுகிறார்கள்.

பசுக்களுக்கிடையே உள்ள பால் வித்தியாசத்தில் மரபின் பங்கு சுமார் கால் முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான். மீதி தீவனம், வெயில், நோய், கன்றில் வளர்த்த விதம் ஆகியவற்றைச் சேர்ந்தது. சினை பிடிப்பதில் மரபின் பங்கு இன்னும் குறைவு. பாலில் உள்ள கொழுப்புச் சத்தில் அதிகம். எனவே, லிட்டரை மட்டும் பார்க்காமல், சங்கத்தில் கொழுப்பு அளவையும் கேட்டுப் பாருங்கள்.

பொதுவாக மூன்றாவது, நான்காவது ஈத்தில்தான் பால் உச்சத்துக்கு வரும். ஆகவே, தாய் முதல் ஈத்தில் எவ்வளவு கறந்தது என்று நினைத்துப் பார்த்து, அதோடு ஒப்பிடுங்கள்.

மாதம் ஒரு நாள் காலை, மாலை பாலை அளந்து நோட்டில் எழுதுங்கள். பசுந்தீவனம், அடர்தீவனத்துடன் தாது உப்புக் கலவையும் தவறாமல் கொடுங்கள். அடுத்த ஊசியின்போது குச்சியில் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏமாற்றமா, இல்லையா என்பதற்கு அதுதான் சாட்சி.

இரண்டாவது ஈத்திலும் பால் ஏறாவிட்டால், அப்போது கால்நடை மருத்துவரிடம் காட்டி, விற்பதைப் பற்றி முடிவெடுங்கள்.''