அண்ணனின் எக்செல் ஷீட்டும் போர்ச்சுகல் தோட்டமும்

"ரிசைன் பண்ணப் போறேன்டா" என்று அண்ணன் போனில் சொன்னபோது நான் காஸ்ட் அக்கவுண்டிங் இன்டர்னலுக்குப் படித்துக்கொண்டிருந்தேன் (சரி, புத்தகம் திறந்திருந்தது). வேறு கம்பெனிக்குத் தாவுகிறான் போல என்று நினைத்து, "எவ்வளவு ஹைக்?" என்றேன்.

"ஹைக்கெல்லாம் இல்ல. போர்ச்சுகல் போறேன். மலைப்பக்கம் நிலம் வாங்கி, தோட்டம் போட்டு, சோலார் வச்சு, நம்ம சாப்பாட்ட நாமளே விளைய வச்சு இருந்துக்கலாம்னு பாக்கேன்."

அண்ணன் என்றால் பெரியப்பா மகன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை, ஒன்பதாவது வருடம். ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கொண்டால் இவன் எழுந்திரிக்க வேண்டும், அதுதான் வேலை. போன தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இலையை அப்படியே விட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து மாடிக்கு ஓடியதைப் பார்த்தேன். முப்பத்தொரு வயதில் முதுகுக்கு பெல்ட் போட்டிருக்கிறான். அதனால் "கொழுப்பெடுத்துப் போய் அலையிறான்" என்று வீட்டில் எல்லோரும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவன் களைத்துப் போயிருக்கிறான். அது நிஜம்.

"நீ பி.காம் தானே, ஒரு ஷீட் அனுப்புறேன், கணக்கு சரியான்னு பாரு" என்றான். முதல் கிளையண்ட்! ரெண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். இந்தப் பதிவு அந்த ஷீட்டைப் பற்றித்தான். (அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர் மட்டும் போடாதே என்றான்.)

முதலில் ஒரு விஷயம். இது அண்ணனுக்கு மட்டும் வந்த ஆசை கிடையாது. இங்கிலாந்து, நெதர்லாந்து, ஜெர்மனி என்று பல ஊர்களிலிருந்து கம்ப்யூட்டர் வேலையை விட்டவர்கள் மத்திய போர்ச்சுகலில், காஸ்தெலோ பிராங்கோ, பெனமகோர் மாதிரியான பக்கங்களில், ஓடு சரிந்த கல்வீடும் நாலு ஆலிவ் மரமுமாக நிலம் வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். அவர்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துத்தான் அண்ணன் கெட்டான், அல்லது திருந்தினான். நானும் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது. ஆட்டுக்குட்டி எல்லாம் வருகிறது.

இப்போது ஷீட்டுக்கு வருவோம். நிலமும் பாழடைந்த வீடும் 30 லட்சம், சோலாருக்கு இவ்வளவு, கிணற்றுக்கு இவ்வளவு என்று செலவுப் பக்கம் ஒழுங்காக இருந்தது. தேய்மானம் மட்டும் இல்லை. பேட்டரி பத்து வருடம் ஓடுமா? கூரை? முதுகு? எதற்கும் ஒரு பைசா ஒதுக்கவில்லை. வரவுப் பக்கம் இன்னும் தமாஷ். கார்க் மரப்பட்டை விற்பனை என்று வருடா வருடம் ஒரு தொகை போட்டிருந்தான். அந்தப் பட்டையை ஒன்பது வருடத்துக்கு ஒருமுறைதான் உரிக்கலாம், அங்கே சட்டமே அப்படி. புதிதாக நட்ட மரமென்றால் முதல் பட்டைக்கே இருபத்தைந்து வருடம் போலக் காத்திருக்க வேண்டும். "அண்ணா, நீ அங்க போய் தாத்தா ஆனப்புறம்தான் இந்த என்ட்ரி பாஸ் ஆகும்" என்று மெசேஜ் அனுப்பினேன். பதிலுக்கு ஒரு முறைப்பு பொம்மை வந்தது.

இதெல்லாம் சில்லறைத் தவறு, திருத்திவிடலாம். எனக்கு உறுத்தியது விசா என்ற வரிசை.

போர்ச்சுகலில் போய்த் தங்க நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமாக ரெண்டு வழி. ஒன்று டி7. உழைக்காமல் வரும் வருமானம் (வாடகை, டிவிடெண்ட், பென்ஷன்) மாதம் குறைந்தபட்சம் அந்த நாட்டு அடிப்படைச் சம்பளம் அளவுக்காவது வர வேண்டும். 2025 கணக்குப்படி அது மாதம் 870 யூரோ. கணக்கு சுலபமாக இருக்க ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 10 லட்சத்து 44 ஆயிரம். ஏழு சதவீத வட்டியில் இவ்வளவு வர வேண்டுமானால் கையில் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி சும்மா கிடக்க வேண்டும். அண்ணனிடம் இருப்பது எழுபது லட்சம், அதிலும் முப்பது நிலத்துக்குப் போகிறது.

ரெண்டாவது வழி டி8. 2022 அக்டோபரில் வந்தது. வெளிநாட்டு கம்பெனிக்கு லேப்டாப்பில் வேலை செய்கிறவர்களுக்கு. இதற்கு அடிப்படைச் சம்பளத்தைப் போல நாலு மடங்கு, அதாவது 2025 கணக்கில் மாதம் 3,480 யூரோ சம்பாதித்துக் காட்ட வேண்டும். அண்ணன் இதைத்தான் போட்டிருந்தான். "முதல் ரெண்டு வருஷம் ரிமோட்ல கான்ட்ராக்ட்" என்று சின்ன எழுத்தில்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் மக்களே. லேப்டாப்பை விட்டு ஓடுவதற்காகப் போகிறான். உள்ளே விடுவதற்கு அந்த லேப்டாப்பைத்தான் காட்டச் சொல்கிறார்கள். "உனக்கு உருளைக்கிழங்கு போடத் தெரியுமா, சுவர் கட்டத் தெரியுமா" என்று எந்தத் தூதரகமும் கேட்கவில்லை. ஒன்று உன் பணம் உனக்காக உழைக்க வேண்டும், இல்லையென்றால் நீ பெரிய சம்பளக்காரனாக இருக்க வேண்டும். தற்சார்பு வாழ்க்கைக்கு டிக்கெட் எடுக்க இதுதான் கவுண்டர்.

அதனால் என்ன, காசு சேர்த்துவிட்டுப் போகட்டுமே என்று கேட்பீர்கள். தாராளமாகப் போகட்டும். நான் சொல்வது ஒன்றுதான், பேலன்ஸ் ஷீட்டில் தலைப்பை மாற்றி எழுதக் கூடாது. ஒன்பது வருடம் கம்பெனியில் வேலை செய்து சேர்த்த பணத்தை நிலமாகவும் அமைதியாகவும் மாற்றிக்கொள்கிறோம் என்றால் அது அசெட் கன்வர்ஷன், ரொம்ப நியாயமான விஷயம். "நான் சிஸ்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டேன், நீங்கள்தான் இன்னும் அடிமைகள்" என்று வீடியோ போட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த வீடியோவின் விளம்பரக் காசும் ஒரு பெரிய டெக்னாலஜி கம்பெனியிடமிருந்துதான் வருகிறது. தோரோ வால்டன் குளத்தங்கரையில் குடிசை கட்டினாரே, அவர் ஆணி, சுண்ணாம்பு முதற்கொண்டு செலவு எழுதி, மொத்தம் 28 டாலர் 12½ சென்ட் என்று கணக்குக் காட்டினார். எங்கள் ஆள்! ஆனால் அந்த நிலம் நண்பர் எமர்சனுடையது. வாடகை என்று ஒரு வரி போட்டிருந்தால் கணக்கு எப்படியிருக்கும்?

இன்னொரு கேள்வியும் எனக்கு வந்தது. இவ்வளவு அழகான இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது? ஏன் இவ்வளவு மலிவு?

தேடிப் படித்தேன். 1960-களிலிருந்து 1974 வரைக்கும் போர்ச்சுகலை விட்டுப் பத்து லட்சம் பேருக்கும் மேல் வெளியேறியிருக்கிறார்கள். சலாசாரின் சர்வாதிகாரம், ஆப்பிரிக்கக் காலனிகளில் போர், கிராமத்தில் வறுமை. நிறையப் பேர் பாஸ்போர்ட் கூட இல்லாமல் மலை தாண்டி பிரான்சுக்குப் போனார்கள். பாரிஸ் ஓரத்தில் ஷாம்பினி என்ற இடத்தில் சேற்றிலும் தகரக் கொட்டகையிலும் ஆயிரக்கணக்கில் கிடந்து கட்டட வேலை பார்த்தார்கள். எதை விட்டுப் போனார்கள் தெரியுமா? கல் அடுக்கிய படிப்படியான தோட்டம், சொந்த ஆலிவ், சொந்த உருளைக்கிழங்கு, சொந்த ஆடு. இன்றைக்கு வீடியோவில் வருகிற அதே தோட்டம். சம்பளம் வரும் வேலை கிடைக்காதா என்று ஏங்கி அவர்கள் போட்டுவிட்டுப் போன நிலத்தைத்தான் சம்பளம் பிடிக்காதவர்கள் வந்து வாங்குகிறார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் கரிசல்காடு ஞாபகம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தாத்தாவுக்கு நாலு ஏக்கர் இருந்தது. பருத்தி, பிறகு மக்காச்சோளம். அதில் ரெண்டு ஏக்கரை விற்றுத்தான் அண்ணன் இன்ஜினியரிங் படித்தான். பெரியப்பா மட்டும் ஒருநாளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை. "மண்ணைக் கிண்டுற வேலை எங்களோட போகட்டும்" என்பார். அவரிடம் போய் போர்ச்சுகலில் மண்ணைக் கிண்டப் போகிறேன் என்று சொன்னால்? சொன்னான். ரெண்டு நாள் பேசவில்லை அவர்.

ஆள் போன ஊரில் காடு ஏறும். மத்திய போர்ச்சுகலில் பைன் மரமும், காகிதக் கூழுக்கு யூகலிப்டஸும் ஏறின. 2017 ஜூனில் பெத்ரோகாவோ கிராந்தே பகுதியில் பிடித்த தீயில் 66 பேர் செத்துப்போனார்கள். பலர் காரில் தப்பிக்கப் போகும்போது சாலையிலேயே. அதே அக்டோபரில் மறுபடி தீ. 2025 ஆகஸ்டில் அர்கனில் பக்கம் மறுபடி பெருந்தீ. வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதர் வெட்டி வைக்க வேண்டும் என்று அங்கே சட்டம், வெட்டாவிட்டால் அபராதம். அண்ணன் ஷீட்டில் "காடு – மூன்று பக்கமும்" என்று பிளஸ் பாயிண்டில் எழுதியிருந்தான்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அங்கே ஊர்ச் செக்கு உண்டு. ஆலிவ் காயைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எண்ணெய் ஆட்டிக் கொடுத்து, கூலியாக எண்ணெயிலேயே ஒரு பங்கு எடுத்துக்கொள்வார்களாம். காசே கைமாறாது. நம்ம ஊரில் களத்தில் நெல்லாகவே கூலி அளந்த மாதிரி. இதைத் தனி ஆளின் தற்சார்பு என்று சொல்ல முடியுமா? பக்கத்து வீட்டுக்காரனும் செக்குக்காரனும் இல்லாமல் ஒரு சொட்டு எண்ணெய் வராது. தனியாக மலைமேல் போய், ஊர் பாஷை தெரியாமல், ஒருத்தன் தன் கையே தனக்குதவி என்று இருப்பது ரொம்பச் செலவு பிடித்த பொழுதுபோக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் மதுரைக்குக் காலேஜ் போகும் பஸ் டி.கல்லுப்பட்டி வழியாகத்தான் போகும். ஜே.சி.குமரப்பா கடைசிக் காலத்தில் இருந்த ஊர். தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குப் படித்து, பம்பாயில் ஆடிட்டராகக் கொழித்துக்கொண்டிருந்தவர். 1929-ல் காந்தியைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் விட்டார். எங்கள் பாடப்புத்தகம் எதிலும் அவர் பெயர் இல்லை, பஸ் நிற்கும்போதெல்லாம் அது எனக்கு எரிச்சல். அவரும் வேலையை விட்டவர்தான். விட்டபிறகு தனக்கென்று ஒரு தோட்டம் தேடிப் போகவில்லை. குஜராத்தில் மாத்தர் தாலுகாவில் ஊர் ஊராகப் போய் விவசாயியின் வரவு செலவைக் கணக்கெடுத்தார். அவருக்குத் தற்சார்பு என்றால் ஒரு கிராமத்துக்கு. ஒரு ஆளுக்கு என்று சுருக்கிக்கொண்டது நாம்.

"அப்ப ஊர்லயே மிச்ச ரெண்டு ஏக்கர்ல பண்ணலாமே" என்று கேட்டேன். "இங்க பண்ணுனா பெரியப்பா மகன் வேலை போயி மாடு மேய்க்கிறான்னு நீயே சொல்லுவ. அங்க யாரும் என்னைய கேக்க மாட்டாங்க" என்றான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஷீட்டில் எழுத முடியாத காரணம், ஆனால் இருப்பதிலேயே உண்மையான காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒன்று மட்டும் சொன்னேன். அங்கே குடியேறி என்.ஆர்.ஐ. ஆகிவிட்டால் இந்தியாவில் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, ஃபெமா சட்டத்தில் இடமில்லை. பரம்பரைச் சொத்தாக வந்தால்தான் உண்டு. அதாவது விவசாயி ஆகப் போகிறவன், சொந்த ஊரில் விவசாய நிலம் வாங்கும் உரிமையை விட்டுவிட்டுப் போகிறான். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

டி.சி.எஸ். பற்றியும் சொல்லிவிட்டேன். 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 10 லட்சத்துக்கு மேல் இப்படி வெளியே அனுப்பினால், மேலே போகும் தொகைக்கு 20 சதவீதம் பிடிப்பார்கள். முப்பது லட்சம் அனுப்பினால் நாலு லட்சம் கூடுதலாக எடுத்து வைக்க வேண்டும். வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம், ஆனால் பத்திரம் முடிக்கும் அன்றைக்கு அது கையில் இருக்காது. இதை அவன் எதிர்பார்க்கவில்லை. தம்பியின் படிப்பு கொஞ்சம் பயன்பட்டது.

கடைசியாக ஒன்று, இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஆடிட்டர் சுதந்திரமாக இருக்க வேண்டும், கிளையண்டிடம் பண சம்பந்தம் இருக்கக் கூடாது என்று எங்களுக்கு முதல் பாடமே நடத்தினார்கள். அந்த ஷீட்டில் செலவுப் பக்கம் 23-வது வரிசையில் "தம்பி ஃபீஸ் – 2 செமஸ்டர்" என்று இருக்கிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதிலிருந்து என் ஃபீஸ் அவன்தான் கட்டுகிறான். அவன் எந்த சம்பளத்தை விட்டு ஓட நினைக்கிறானோ அதில்தான் நான் படிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் காலேஜுக்கு கேம்பஸ் இன்டர்வியூ வருகிறது, ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிராசஸுக்கு, நைட் ஷிஃப்ட். நான் போகப் போகிறேன். ஆகவே நான் மேலே எழுதியதையெல்லாம் அந்த அளவுக்குக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

23-வது வரிசையை நீக்கிவிட்டு ஷீட்டைத் திருப்பி அனுப்பினேன். அவன் திரும்பப் போட்டு அனுப்பிவிட்டான். கார்க் வரவை மட்டும் எடுத்திருந்தான், தேய்மானத்துக்குப் புதிதாக ஒரு பக்கம் சேர்த்திருந்தான். நிலம் வாங்குமுன் ஒருமுறை டூரிஸ்ட் விசாவில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்கிறான். ஏப்ரலில் போவதாக இருந்தான், எங்கும் பூவாக இருக்குமாம். ஆகஸ்டில் போ என்று சொல்லியிருக்கிறேன்.